நாலு ஆறு

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் திடலில்
வெளிச்சம் விழும் பக்கமாய் நாற்காலி போட்டிருந்தோம்.
பிராசிகாபாவில் கரும்புக்காடு எரிகிற மாதம்.
சாம்பல் கருப்பு நூலாய் வந்து
கையுறைப் பெட்டிமேல் விழுந்தது.
டாக்டர் இல்மா பல்லைப் பார்த்துச் சொல்வார்,
நான் எழுதுவேன். அவ்வளவுதான் என் வேலை.

அதற்குமுன் பிள்ளைகளே நிரப்ப ஒரு கேள்வி:
உன் பல்லுக்குச் சிகிச்சை தேவை என்று நினைக்கிறாயா?
ஆம். இல்லை. தெரியாது.

ரோசில்டா 'ஆம்' போட்டாள்,
பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்.
வாய் திறந்தால் ஒரு குறையில்லை.
கீழ்வரிசையில் ஒரு பல் மட்டும்
பேருந்தில் இடம் கிடைக்காதவள் போல
கொஞ்சம் ஒருக்களித்து நின்றது.
"அம்மா தினமும் டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்க,
சாப்பிடும்போதும் அப்பாவுக்கு இதே பேச்சு"
என்றாள், பெரிய தொல்லை மாதிரி.

அடுத்து ஜுவேனல். பதினாலு வயசு.
'இல்லை' போட்டிருந்தான்.
டாக்டர் குனிந்தார். நாலு ஆறு என்றார்,
அப்படியே நிறுத்தினார்.
அது பல் இல்லை. பல் இருந்த இடத்துக்கு வேலி.
"வலிக்கலையா?"
"பழகிடுச்சு."
"வீட்டில சொன்னியா?"
தோளைக் குலுக்கினான்.

கேட்கக் கேட்கத்தான் வந்தது:
அப்பா ஆலையில், ராத்திரி ஷிப்ட்.
அம்மா காம்பினாஸில், வேறு வீட்டில்.
அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில்.
கேஸ் தீர்ந்தது. சாவி பக்கத்து வீட்டில். பணம் டப்பாவில்.
அதில் எந்த வரிக்குக் கீழே
வலியை எழுதுவான்?

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்தான்,
கடிக்க அந்தப் பக்கம் பல் இருந்தால்.

மறுபக்கத்தில் இன்னொரு கேள்வி:
உங்கள் வீட்டில் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதுண்டா?
எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை
எதையும் தொடவில்லை அவன்.
ஓரத்தில் ஒரு பல் வரைந்திருந்தான்,
கால் ரெண்டும் வைத்து, நடந்து போகிற மாதிரி.

நான் நகல் எடுத்தேன்.
அவன் சொன்னபடி: தேவை இல்லை.
டாக்டர் சொன்னபடி: உடனே.
இரண்டு கட்டத்துக்கும் நடுவில்
ஒரு மில்லிமீட்டர் வெள்ளை.

வீட்டுக்கு வந்தபோது ஒத்தாவியோ
காதில் இயர்போனோடு படுத்திருந்தான். என் மகன்.
இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு வாய்களை எழுதியவள் நான்.
இந்த வாயைக் கடைசியாய் எப்போது பார்த்தேன்?
பால்பல்லைக் கூரைமேல் எறிந்தோமே, அன்றைக்கா?

"வாயைக் காட்டு" என்றேன்.
"எதுக்கு?"
"சும்மா."
"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு."
கதவு சாத்திக்கொண்டது.
அது எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியும்.

பீன்ஸ் குக்கரை அடுப்பில் ஏற்றினேன்.
கேரட் ஒன்றை நறுக்காமல் முழுசாய்
அவன் தட்டில் வைத்துவிட்டு
எதிரில் உட்கார்ந்தேன்,
எந்தப் பக்கம் கடிக்கிறான் என்று பார்க்க.