சீனிக் கணக்கு

ஐப்பசியில் மலை மூடிக்கொண்டது.
பதினேழு நாள் மழை. டர்பன்டைன் மரத்தில் பூ இல்லை.
பெட்டியைத் தூக்கினால்
வெறும் பலகைக் கனம்.

ஒரு கிலோ சீனியை வெந்நீரில் கரைத்து
சிரட்டையில் ஊற்றினேன்,
பூச்சி விழுந்து சாகாமலிருக்க
நாலு ஈர்க்குத் துண்டு மிதக்கவிட்டு.
அந்த வாரம் நாங்கள்
தேத்தண்ணியைக் கைக்கக் கைக்கக் குடித்தோம்.
"பூச்சிக்கு மட்டும் சீனியா?" என்றாள் சுலோசனி.
கொப்பியில் எழுதி வை,
ஆவணியில் திருப்பித் தரும் என்றேன்.

மாசியில் ஏழாம் நம்பர் மலைக்கு மருந்தடித்தார்கள்.
கூட்டு வாசலை வலையால் கட்டிக் காவலிருந்ததில்
ஒரு நாள் பேர் போனது.
அதையும் எழுதினாள்.

ஆவணியில் தந்தது:
ஒன்பது சாராயப் போத்தல், கழுத்து முட்ட.

பண்டாரவளையில் ரஸீன் நானா
நெருப்புக்குச்சியைத் தேனில் முக்கி உரசினார்.
பற்றியது.
கடுதாசியில் ஒரு சொட்டு விட்டார்.
ஊறவில்லை.
அப்புறமும் கேட்டார்,
"சீனி குடுத்தியா?"

"குடுத்தேன், மழையில.
அது மழையிலேயே தின்னு முடிஞ்சிருச்சு."

"வாங்குற ஆளுக்கு அது தெரியாதே, புள்ள."
போத்தலுக்கு இருநூறு குறைத்தார்.
எரிந்த குச்சி மேசையில் கருகிக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை வருகிற
பெட்டிக் கடன்காரனுக்கு முதலில் எடுத்து வைத்தேன்.
"ஆயிரத்து எண்ணூறு குறையுது,
இத எதுல எழுத?" என்றாள்.
சீனியிலேயே எழுது.

வரும் வழியில்
இரண்டு கிலோ வாங்கியிருந்தேன்.
அதையும் எழுதச் சொல்லி
பையை அவிழ்க்காமல் உயரத்தில் மாட்டினேன்,
எறும்பு ஏறாத ஆணியில்.