ஓசை இல்லையேல்

லாமிங்டன் ரோட்டில், மழைக்குத் தார்ப்பாய் கட்டிய கடையில்
பரேஷ் பாய் இரண்டு குட்டி மோட்டார்களைப்
பஞ்சில் சுற்றித் தந்தார்.
ஒன்று இடம் வலம். ஒன்று மேல் கீழ்.
அச்சில் கண்ணாடி ஒட்டுவது உன் பாடு, என்றார்.
விலை ஒரு கேஸ் சிலிண்டரும் பாதிக் கரண்ட் பில்லும்.
பியூலாவிடம் சொல்லவில்லை.

பகலில் நான் லிப்ட் ரிப்பேர்.
பரேலில் இருபத்திரண்டு மாடி.
வடத்தின் முனகலை வைத்தே
எந்த உருளை தேய்ந்ததென்று சொல்லிவிடுவேன்.
காதால் பிழைக்கிறவளுக்கு ஓர் ஆசை,
கேட்டதை ஒருமுறை
பார்த்துவிட வேண்டும்.

பவுடர் டப்பிக் கண்ணாடி தடிமன், மோட்டார் முக்கியது.
பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு
வெட்டும்போதே தூளாகிவிட்டது.
மூன்றாவது நகத்தளவு. மூச்சை அடக்கி ஒட்டினேன்.

சுவரில் முதலில் வந்தது யாருடைய குரலும் இல்லை.
சாய்ந்த முட்டை ஒன்று.
மைக்கைத் துணியால் பொத்தினேன், முட்டை.
பிரிட்ஜை நிறுத்தினேன், டியூப் லைட்டை,
அடுத்த வீட்டு மிக்சி ஓயும்வரை காத்திருந்தேன்.
முட்டை.
மூன்றாம் இரவு பிடிபட்டது, எர்த் ஒயரில் என் தப்பு.
கரண்டின் சொந்த ரீங்காரம், நொடிக்கு ஐம்பது.
குடிவந்த நாள்முதல் இந்த அறையில் இருந்திருக்கிறது,
நானும் கேட்டதில்லை.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள்.
ஷிந்தே வீட்டுப் பையனின் விசில்
படுத்துக்கிடக்கும் எட்டு.
மீன் விற்கிற அக்காவின் தும்மல் முள்ளம்பன்றி.
ஹார்பர் லைன் ரயில் போனால்
எல்லா உருவமும் லேசாகத் தள்ளாடும்.
நான் பெருமையாக ஒரு ‘ழ’ சொன்னேன்.
பையன் அவன் மராத்தி ‘ள’வைச் சொன்னான்.
சுவரில் ஒரே சிலந்தி.
தன்னுடையதுதான் பெரிசு என்றான்.

சிலிண்டர் தீர்ந்த அன்று பியூலாவுக்குத் தெரிந்தது.
அவள் கத்தினாள், நான் கத்தினேன்,
பெட்டியை யாரும் அணைக்கவில்லை.
மளிகைக்கடைக் காலண்டர், ஆணியில் தொங்கிய அவள் ஐடி கார்டு,
எல்லாவற்றின் மேலும் பச்சையாக ஒரு பூ.
‘வாடகை’ என்றபோது விரிந்தது.
‘அக்காவாம் அக்கா’ என்றபோது முறுக்கிக்கொண்டது.
இத்தனை நாள் சோதனையில் இவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை.
அப்போது சொல்லமுடியுமா அதை?

பிறகு பதினோரு நாள் பேச்சில்லை.
இரண்டு வடாபாவ், இரண்டு பொட்டலம்.

அந்த நாட்களில்தான் கண்டேன்,
ஓசை நின்றால் ஒளி ஒரு புள்ளியில் நிற்கிறது.
ஓடுகையில் சுவர் முழுக்கப் பங்கிட்ட வலு
அப்படியே ஓரிடத்தில்.
பார்க்கச் சின்னது, சாது.
கண்ணில் பட்டால் அதுதான் சுடும்.
காலண்டரில் அமாவாசையின் கறுப்பு வட்டத்தில்
ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை.

நிரலில் நான்கு வரி சேர்த்தேன்:
ஓசை இல்லையேல்
கால் நொடி பொறு.
இன்னும் இல்லையேல்
ஒளியை அணை.

பன்னிரண்டாம் இரவு. மழை விட்டிருந்தது.
இரண்டு பாய், நடுவே டேபிள் ஃபேன் இருந்த இடம்
(ஓசைக்காக அதையும் நிறுத்தியிருந்தேன், வியர்த்துக்கொட்டியது).
பியூலா இருமினாள்.
சுவரில் பச்சையாக ஒரு கிறுக்கல், போய்விட்டது.
தூங்கவில்லை போல.
ரொம்ப நேரம் இருட்டு.
மறுபடி இருமினாள்.

இரண்டாவது இருமல் பொய்.
வடிவத்தைப் பார்த்தாலே தெரிந்தது.