காத்து போகுமா

செவ்வாய்க்கிழமை ராத்திரி
லெனிஷாவிடம் சொல்லியாக வேண்டும்,
நாளைக்கு ஊசி.

சொல்லுமுன் கணக்குப் பார்த்தேன்.
முருங்கைக்கீரையைத் துப்பியதற்கு ஒருதரம்,
சுவிட்ச் போர்டில் கை வைத்ததற்கு ஒருதரம்,
சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவே பாடியதற்கு
ரெண்டுதரம்,
"சிஸ்டரக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிருவேன் பாத்துக்க"
என்றவன் நான்தான்.
ஒரு வருஷமாய் அதைப்
போலீஸ்காரனாக வளர்த்துவிட்டு
இப்போது நம்ம சொந்தக்காரன் என்றால்
எவள் நம்புவாள்.

"சொல்லவே வேண்டாம்,
பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவோம்,
அழுதா அங்கன வச்சு அழட்டும்"
என்றாள் எஸ்தர்.
வழக்கமாக அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
ஆனால் பதினோரு வருஷக் கடையில்
ரெண்டு பஞ்சரை மூணு என்று
ஒரு வண்டிக்காரனிடமும் சொன்னதில்லை.
வீட்டில் மட்டும் எப்படி?

சொன்னேன்.
"வலிக்குமா?"
"வலிக்கும்."
"எவ்வளவு?"
கொசு கடிச்ச மாதிரி என்று வாய் வரை வந்தது.
கொசுக்கு அவள் அழுததே இல்லை, கண்டுபிடித்துவிடுவாள்.
"கதவு இடுக்குல வெரல் மாட்டிச்சுல்லா,
அதுல பாதி."
விரலைப் பார்த்தாள்.
"மொதப் பாதியா, பொறவு உள்ள பாதியா?"
பிறகு உள்ள பாதியில்தான்
அம்மா ஊதிவிட்டாள்.
"பொறவு உள்ளது" என்றேன்.

விளக்கை அணைத்த பிறகு,
தூங்கிவிட்டாள் என்று நினைத்த பிறகு,
"அப்பா, காத்து போயிருமா?"

பள்ளிக்கூடம் விட்டால்
கடையில் லாரி டயர் மேல்தான் இருப்பாள்.
நான் பிடுங்கிய ஆணிகளை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்க்கிறாள்.
இத்துனூண்டு ஆணி
ஒரு டிராக்டரையே உட்கார வைத்துவிடும் என்பது
ரோட்டில் போகிற பெரியவர்களைவிட
அவளுக்கு நன்றாகத் தெரியும்.
"நீ டியூப் இல்லட்டி" என்றேன்.
"அப்ப நான் என்ன?"
பதில் இல்லாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

புதன்கிழமை.
கையில்லாத சூரியகாந்திக் கவுன்.
என் கிரீஸ் ரேகை பதிந்த தடுப்பூசி அட்டை.
வீரவநல்லூர் ஆஸ்பத்திரி பெஞ்சில்
எங்களுக்கு முன் ஏழு பேர்.
உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டது.
என் உள்ளங்கைக்குள் அவள் கை
சின்னதாகிக்கொண்டே போனது.

ரஹ்மத் சிஸ்டர் என்னைக் கேட்கவில்லை,
அவளைக் கேட்டாவ.
"எந்தக் கையில போடட்டும்?"
இடது கையை நீட்டினாள்.
"இதுல படம் வரையணும்" என்று
வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.
பார்க்கணுமானால் பார், வேண்டாமானால் வேண்டாம்
என்று நான் சொல்லிவைத்திருந்தேன்.
அவள் பார்த்தாள்.
நான்தான் சுவரில் இருந்த
கொசு ஒழிப்புப் படத்தைப் படித்தேன்.

அழுதாள், நன்றாகவே.
அரைமணி நேரம் உட்காரச் சொன்ன பெஞ்சில்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:
"பாதி இல்ல.
பாதிக்கு மேல கொஞ்சம்."
"கணக்கு தப்பிட்டு, மக்கா."
"ம்."

மிட்டாய் வேண்டாம் என்றாள்.
நேரே கடைக்கு,
நேரே தொட்டிக்கு.
கறுப்புத் தண்ணீரைக் கொட்டி,
சோப்புப் போட்டுத் தேய்த்து,
குழாயைத் திறந்து நிறைத்தேன்.
கவுன் நனைய நனைய
தோள்வரை கையை முக்கினாள்.

ரோமத்தில் ஒட்டிக்கொண்டு
ஒரே ஒரு கொப்புளம்.
"அப்பா!"
அது மெதுவாகக் கழன்று
மேலே வந்து உடைந்தது.
"அது தண்ணிக் காத்து. இன்னும் பாரு."
பார்த்தோம்.

பின்னால் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து
ஸ்டாண்டு போட்டார்.
"அண்ணாச்சி, பொறத்தால டயரு எறங்கிட்டு."
"செத்த பொறுங்க" என்றேன்
தண்ணீரிலிருந்து கண்ணெடுக்காமல்.
"மொத ஆளு பாக்கி இருக்காவ."