யாருக்கும் சொந்தமில்லாத நாற்காலி

கல்லூரி மூன்றாம் மாடியில்
பழைய சர்வே லேபைக் காலிசெய்து
ஓர் அலுவலகம் கட்டியிருக்கிறார்கள்.
வேலை எதுவும் நடக்காத அலுவலகம்.
வேலைக்குப் போனால் எப்படி இருப்பதென்று
நாங்கள் பழகிக்கொள்ள.

சன்னலுக்கு வெளியே நாகமலை நீட்டிப் படுத்திருக்கிறது.
உள்ளே பிளாஸ்டிக் புல் ஒட்டிய சுவர்.
உட்கார்ந்தால் எழமுடியாத மூட்டை இருக்கைகள் மூன்று.
ஒன்று ஓரம் பிரிந்து
தெர்மாகோலை மணிமணியாய்ச் சிந்துகிறது.
ஏசி உண்டு,
ஆய்வுக்குழு வந்தால் ஓடும்.

மாதம் இரண்டு சனிக்கிழமை
பெங்களூரிலிருந்து நிவேதன் வருவார்.
"இங்கே சார் கிடையாது, மேடம் கிடையாது.
எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்."
துறைத்தலைவர் பின்னால் நின்று தலையாட்டினார்,
வருகைப்பதிவு குறைந்தவர்களை
கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அதே தலை.
"எங்கே, கூப்பிடு" என்று என்னைக் காட்டினார் நிவேதன்.
"தங்கமாரியப்பன்" என்றேன்.
வாய்க்குள் ஒரு கல் புரண்டது.
"சார்" அதுவாக வந்து விழுந்தது.
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.
வராந்தாவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த பாடம் இருக்கை.
"யாருக்கும் நிரந்தர இடம் இல்லை.
காலையில் எது காலியோ அதில் உட்காருங்கள்.
மாலையில் மேசையைத் துடைத்துவிட்டுப் போங்கள்."

நாற்பத்திரண்டு பேர்
ஒரு நிமிடத்தில் உட்கார்ந்து முடித்தோம்.
கைதட்டினார், "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்!"

அவருக்கு எப்படித் தெரியும்?
உசிலம்பட்டியிலிருந்து வரும் கல்லூரிப் பஸ்ஸில்
எப்படி உட்கார்ந்து வந்தோமோ
அச்சு அசலாக அப்படியே உட்கார்ந்திருந்தோம்.
எந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் பக்கத்தில்
எந்த நிறுத்தத்துக்காரர்கள் உட்காருவதில்லை என்பது
யாரும் எழுதிவைக்காத சீட்டிங் பிளான்.
மேசைகளுக்கு நடுவே தடுப்புகள் இல்லை.
நாங்கள் கொண்டுபோயிருந்தோம்.

பிறகு ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு தந்தார்.
"உங்கள் அணியில் மாறவேண்டிய ஒன்று.
பெயர் வேண்டாம். பயம் வேண்டாம்."
கேன்டீன் தக்காளி சாதம் என்றது ஒன்று.
வைஃபை, வைஃபை, வைஃபை.
அப்புறம் இதையும் அதே குரலில் வாசித்தார்:
"நாலாவது வரிசையில் என் பக்கத்து சீட்
மூன்று வருடமாகக் காலி. ஏன்?"

"ஓ, போக்குவரத்துப் பிரச்சினையா" என்று
பலகையில் ஒரு கட்டம் போட்டார் நிவேதன்.
தங்கமாரியப்பன் சன்னல் வழியே மலையைப் பார்த்தார்.
வீரசுந்தர் பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்தான்.
அன்றைக்கென்று ஏசியும் ஓடவில்லை,
அத்தனை அமைதி.
பசை பிடிக்காமல் சீட்டு உதிர்ந்து
தரையில் தெர்மாகோல் மணிகளோடு கிடந்தது.

கையெழுத்து எனக்குத் தெரியும்.
சர்க்யூட் லேபில் என் ஜோடி ரூபிகா.
நாலு செமஸ்டராக அவள் எடுத்த ரீடிங்கைத்தான்
நான் காப்பியடித்திருக்கிறேன்.
பஸ்ஸில் அவளை நான் தாண்டிப்போவேன்,
தினமும், "ஹாய்" சொல்லிவிட்டு.

திங்கள் காலை.
எது காலியோ அது.
நாலாவது வரிசையில் நின்றேன்.
பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது.
என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்,
எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
செக்கானூரணி தாண்டும்வரை பேசவில்லை நாங்கள்.
அப்புறம் அவள்தான் கேட்டாள்,
"ஏசி இன்னைக்காச்சும் ஓடுமாடி?"

மாலையில் ஏறும்போது
என் பழைய இடத்தில் கைக்குட்டை போட்டு
எனக்காகப் பிடித்துவைத்திருந்தார்கள்.
உட்கார்ந்துவிட்டேன்.
இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
செவ்வாயும் அங்கேதான். புதனும்.

நேர்முகத் தேர்வில் கேட்பார்களாம்,
அணியில் எப்படிப் பழகுவீர்கள் என்று.
பதிலை நிவேதன் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்,
ஆறு வரி, நன்றாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை என் நிறுத்தத்தில் பஸ் நின்றது.
படியில் கால் வைக்கும்போதே கண்ணாடி வழியாகத் தெரிந்தது,
பை அவள் மடியில் இருந்தது.