மதிப்பு: ஏதுமில்லை

சுங்கப் படிவத்தில் நான்கு கட்டங்கள்.
பொருள்: தண்ணீர்.
அளவு: இருநூற்றைம்பது மில்லி.
எடுத்த இடம்: ஒரத்துப்பாளையம், அணைக்குக் கிழக்கே ஒரு கிணறு.
மதிப்பு...
கூரியர் கடைப் பையன் முந்திக்கொண்டான்:
"ஏதுமில்லைன்னு போடுங்க்கா,
இல்லாட்டி வரி கேப்பாங்க."
போட்டேன்.

ஒரே கிணற்றில் ஒரே காலையில் மொண்டது
மூன்று குப்பி.
ஒன்று எங்கள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில்.
ஒன்று டாக்காவுக்கு, ஷர்மினிடம்.
ஒன்று போலந்துக்கு, அக்னியெஷ்காவிடம்.
பேரில் நெருப்பு, பிழைப்பு தண்ணீரில்
என்று அவளிடம் சொல்ல
எனக்கு மூன்று கூட்டம் ஆனது.
சொன்னபோது
முதலில் சிரித்தது ஷர்மின்தான்.

அக்னியெஷ்காவின் ஊரிலும் சாயம் காய்ச்சினார்களாம்.
நாற்றம் தாளாமல்
ஆற்றை மூடி மேலே தெரு போட்டார்களாம்.
நொய்யல் திறந்தே கிடக்கிறது,
பார்க்காமல் போக நாங்கள் பழகிவிட்டோம்.

டாக்காவுக்குப் போய்விட்ட ஆர்டரால்
என் கொழுந்தன் கம்பெனியில்
நாலு மெஷினை நிறுத்திய அதே மாதம்
ஷர்மின் தன் அளவீட்டு முறையை
பதினெட்டுப் பக்கம், ஓரக்குறிப்போடு,
எனக்கு அனுப்பிவைத்தாள்.
வீட்டில் அவள் பேரைச் சொல்லவில்லை நான்.

எண்கள் வந்தன.
உப்பின் கணக்கில் அவர்கள் இருவரும்
அக்கா தங்கைபோல் ஒட்டி நின்றார்கள்.
எங்களுடையது மட்டும்
ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

குப்பி வெயிலில் கிடந்திருக்கும் என்றேன்.
விமானத்தில் மூடி கசிந்திருக்கும் என்றேன்.
டாக்காவில் எதை நம்புவது என்று
நினைத்தேன், சொல்லவில்லை.

இங்கே இரவு பத்தரை,
அங்கே பதினொன்று,
போலந்தில் இன்னும் ஆறு மணிதான்.
தப்பு உன்னுடையது என்று யாரும் சொல்லவில்லை.
அக்னியெஷ்கா கேட்டது ஒரே கேள்வி:
"கருவியைச் சரிபார்க்கும் கரைசலில்
என்ன தேதி போட்டிருக்கிறது?"

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
காலாவதியாகி இரண்டு ஆடி போயிருந்தது.
மூடி இறுகாமல் கரைசல் சுண்டி
கழுத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
அதை வைத்துத்தான் கருவிக்கு
உப்பென்றால் இவ்வளவு என்று கற்றுக்கொடுத்திருந்தோம்.
இரண்டு வருடம். நாற்பத்தொரு கிணறு.
எல்லாவற்றிலும் குறைத்தே சொல்லியிருக்கிறோம்.

கிணற்றுக்காரர் சென்னியப்பனிடம்
நானே போய்ச் சொன்னேன்.
குலை தள்ளாத தென்னைகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.
"அப்ப ரெண்டு வருசமா
என்ற மரந்தானுங்க
சரியாச் சொல்லீட்டு இருந்திருக்குது."
அவ்வளவுதான். எருமைக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.
திட்டியிருந்தால் தேவலை.

திருத்தக் கடிதம் நாற்பத்தொன்றும் எழுதினோம்.
அடியில் மூன்று கையெழுத்து;
தமிழ், வங்காளம்,
வால் முளைத்த எழுத்துகளில் ஒன்று.
தப்பு எங்களுடையது, அவர்கள் ஏன் என்று
இயக்குநர் கேட்டார்.
அவர்களாகவே போட்டார்கள் என்றேன்.

இப்போது ஆனி.
பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று இறங்கி
பல்லடம் வரை கதவுகளை அறைகிறது.
மொட்டைமாடியில் இருபத்துநாலு மணிநேரம்
காற்றைக் குடித்த வடிதாள்கள், சாம்பல் நிறத்தில்,
மூன்று உறைகளில்.

மறுபடியும் அதே கடை, அதே படிவம்.
பொருள்: தாள், காற்றின் தூசி படிந்தது.
மதிப்பு...
"போன தடவ போட்டதையே போடுங்க்கா."
பேனாவைத் திருகிக்கொண்டு நிற்கிறேன்.
எனக்குப் பின்னால் வரிசை நீள்கிறது,
கையில் பனியன் சாம்பிள் பெட்டிகளோடு.