அக்டோபரில் தோண்டுவது

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் மண் கல்.
கடப்பாரை பட்டால் பொறி பறக்கும், அவ்வளவுதான்.
இது பின்லாந்தின் வடகிழக்கு மூலை,
ஏரிகள் போக மிச்சம் விட்ட தரை.
குளிர்காலத்துச் சாவுகளுக்கு
இலையுதிரும்போதே குழி வெட்டி வைக்க வேண்டும்.
எத்தனை என்பதுதான் கேள்வி.

தேவாலயத்தில் கணக்கு எழுதும் கெர்ட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"போன வருஷம் நாலு. அதற்கு முந்தி இரண்டு.
மூன்று போடு, ரெய்னோ."
ரொட்டிக்கடையில் சொல்வதுபோல.

போட்டேன்.
ஏரி பார்த்த சரிவில், பிர்ச் வேர்களை அறுத்து அறுத்து,
ஒன்றுக்கு ஒன்றரை நாள்.
மேலே பலகை. பலகைமேல் ஸ்புரூஸ் கிளைகள்.
எடுத்த மண் உறையாமலிருக்க
மரத்தூளால் போர்த்தினேன்;
பெற்ற பிள்ளைகளைக்கூட
அத்தனை கவனமாய்ப் போர்த்தியதில்லை.

இன்னொன்றும் செய்வேன், யாரிடமும் சொன்னதில்லை.
பலகை மூடுமுன்
ஒவ்வொரு குழியிலும் ஒருமுறை படுத்துப் பார்ப்பேன்.
முதுகில் உறுத்தும் கல் இருந்தால்
எடுத்து வெளியே எறிவேன்.

அதன் பிறகு ஊர் வேறு ஊர்.
கடையில் யாராவது இருமினால்
எல்லாத் தலையும் ஒருமுறை திரும்பும்,
திரும்பிய வேகத்தில் காப்பிப் பொட்டலங்களைப் பார்க்கும்.

தைமி வந்தாள், கைத்தடியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள்.
"கோடை தாண்டாது என்றார் டாக்டர். தாண்டிவிட்டேன்.
இதில் எது என்னுடையது?"
பெயர் எழுதி வெட்டுவதில்லை என்றேன்.
"அந்த ஓரத்தது மட்டும் வேண்டாம்.
பக்கத்தில் என் மாமியார்."

சூலோ ஒரு புட்டியோடு வந்து விளிம்பில் உட்கார்ந்தான்.
முப்பது வருஷம் ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிட்டவன்.
"மூழ்கின கட்டை சொர்க்கத்துக்கா போகிறது?
சேற்றில் கிடக்கும்.
அழுகாது, முளைக்காது, சும்மா கிடக்கும்."
சிரித்தான்.
அன்றிரவு அவன் வீட்டு விளக்கு அணையவில்லை.
என் ஜன்னலிலிருந்து தெரியும்.

பாதிரியார் எழுந்திருக்கும் நாளைப் பற்றிப் பேசுவார்,
கிழக்கு பார்க்கக் கிடத்தச் சொல்வார். கிடத்துகிறேன்.
என்னைக் கேட்டால்,
இருபத்தாறு வருஷம் கீழே போய் மேலே வந்தவன்,
ஒன்று சொல்வேன்:
அங்கே அமைதி இல்லை.
அமைதிக்கும் ஒரு காது வேண்டும்.
யாரும் கேட்பதில்லை.

முதல் குழிக்கு வந்தது
யாருடைய கணக்கிலும் இல்லாத ஆர்மாஸ்.
பத்தொன்பது வயது. டிசம்பர். ஏரியில் பனி இன்னும் மெல்லிசு.
தைமி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று
"என் இடம்" என்றாள்.
யாரைத் திட்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.
அவன் முதுகுக்குக் கல் இல்லை.
அதை அவன் அம்மாவிடம் சொல்ல நினைத்து,
தொப்பியை மட்டும் கழற்றினேன்.

இரண்டாவதற்கு, பிப்ரவரியில், கெர்ட்டு.
பேரேட்டின் மேல் தலை வைத்தபடி.
மூன்று என்றபோது
தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாளோ என்னவோ.

மூன்றாவதற்கு யாரும் வரவில்லை.

மே மாதம். தூர்க்கப் போனேன்.
பலகைக்கடியில் கரைந்த தண்ணீர் முழங்கால் அளவு,
அதில் ஒரு தவளை, எனக்கு முன்பே குடியேறி.
அதைப் பிடித்து வெளியே விட அரைமணி நேரம்.
பெட்டி இறங்கிய குழியில் மண் மிஞ்சும்,
மிஞ்சியதை மேடாகத் தட்டுவோம்.
வெறுங்குழிக்கு மண் போதவில்லை.
எடுத்த மண்தான், அதே மண்தான்.
மழையில் கொஞ்சம் கரைந்திருக்கும்,
மீதி எங்கே போயிற்றோ.
ஏரிக்கரையிலிருந்து இரண்டு தள்ளுவண்டி
கடன் வாங்கிக் கொட்டினேன்.

வரும் அக்டோபரில் எத்தனை என்று
இப்போது என்னைக் கேட்கிறார்கள்.
நாலு என்றால் ஒருவரை நானே தள்ளிவிட்டதுபோல்.
இரண்டு என்றால்
யாரோ வசந்தம்வரை விறகுக்கொட்டகையில் காத்துக் கிடக்கணும்.

வேலிக்கு அந்தப்புறம் தைமி, தடி ஊன்றி,
நான் மிதித்து மிதித்துச் சமன் செய்வதைப் பார்த்திருந்தாள்.
"ரெய்னோ, அதே இடத்தில் மறுபடி வெட்டாதே.
மண் இளகியிருக்கும்.
உனக்குச் சுலபமாய்ப் போய்விடும்."