ஆடு 31

வேலிக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு,
அந்தப் பக்கம் பன்னிரண்டு.
இங்கே ரை புல், வெளிர்பச்சை, சாதுவான தீனி.
அங்கே சுல்லா:
நிறத்திலும் துவர், நாக்கிலும் துவர்.
சார்டீனியாவில் மார்மில்லாக் குன்றுச் சரிவெங்கும்
ஏப்ரல் கைதவறிக் கொட்டிய சிவப்பு.

ஒரு பூங்கொத்தை நானும் மென்று பார்த்தேன்.
பிஞ்சு மாதுளையைக் கடித்தாற்போல்
கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டிக்கொண்டது.
"உங்கள் காதிலும் ஓர் எண் குத்திவிடட்டுமா?"
என்றார் பாக்கீசியோ.

ஆட்டின் முதல் வயிற்றில்
வெளிச்சம் காணாத ஒரு கூட்டம் வேலை செய்கிறது.
புல் கொண்டுவரும் கொழுப்பில்
எங்கெல்லாம் இடைவெளி தென்படுகிறதோ
அங்கெல்லாம் ஹைட்ரஜனைச் செருகி
நிரப்பு நிரப்பு என்று நிரப்பி
விறைக்கவைத்து அனுப்புகிறது.
நிறைவுற்ற கொழுப்பு என்று பெயர்.
நிறைவுற்றது
குளிரில் கட்டியாகிவிடும்.

துவர்ப்பு போய் அந்தக் கூட்டத்தின் கையைப் பிடிக்கிறது.
எல்லாக் கையையும் அல்ல, முக்கியமாகக் கடைசிக் கையை.
முக்கால் வேலையில் விடுபட்ட கொழுப்பு
குருதியோடு மடிக்கு வந்து
மூடப்பட்டதில் ஒன்றைத் திறந்துகொண்டு
பாலில் இளகலாக இறங்குகிறது.
(துவர்ப்பு மிஞ்சினால் ஆடு தின்னாது, இளைக்கும்.
அதையும் எழுதச் சொன்னார் முனைவர் உஸாய்.)

ஆறாவது வாரம், சாசரி ஆய்வகத்தில்
குரோமட்டோகிராப் வரைந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரை புல் வரிசையில் பதினொன்றும்
அண்ணன் தம்பிக் குன்றுகள்.
பன்னிரண்டாவது, எண் 31,
லினோலெனிக் வரவேண்டிய நிமிடத்தில்
எழுந்து நின்றது ஒரு சிகரம்.

குப்பி மாறியிருக்கும் என்றேன்.
மறுபடி ஓட்டினேன். அதே சிகரம்.
ஊசியைக் கழுவி, வாயு உருளையை மாற்றி,
குப்பிகளுக்கு எண் ஒட்டிய கொனாரியாவைக் கடிந்து
மூன்றாம் முறை.
அதே சிகரம்.
அதற்குப்பின் இரண்டு நாள்
கொனாரியா என்னோடு காப்பி குடிக்கவில்லை.

வியாழக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
வேலியின் கிழக்கு மூலை, ஓடைப் பள்ளம்,
கீழ்க்கம்பியில் ஒரு பிடி கம்பளி.
இந்தப் பக்கத்து மந்தைக்குள்
தலையைத் தாழ்த்தி அசைபோட்டுக்கொண்டிருந்தது 31.
உதட்டோரம் ஒட்டிய ஒரு செவ்விதழ்.
அசல் துவர்வாய்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"
"முதல் வாரத்திலிருந்தே போகிறதே."
"சொல்லியிருக்கலாமே."
"நீங்கள் பாலைத்தானே கேட்டீர்கள்,"
என்றார் பாக்கீசியோ. கோபமில்லை.
கூட்டுறவுச் சங்கம் அவருக்குக்
கொழுப்பின் அளவுக்குக் காசு தருகிறது,
குணத்துக்கு அல்ல.
எந்தப் பக்கத்துப் பாலானாலும் ஒரே அண்டா.

இருட்டியபின் போகுமாம்.
கறக்கும் மணி அடிக்குமுன் திரும்பி
ரை புல் ஆடாக வரிசையில் நிற்குமாம்.
யார் கண்ணுக்கும் தப்பிவிட்டது.
மடிக்குத் தப்ப முடியவில்லை.

முனைவர் உஸாய் "நீக்கிவிடு" என்றார்.
நீக்கினேன்.
இரண்டு பக்கமும் அழகாகப் பிரிந்தன.
அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில்:
ஓர் ஆடு கணக்கில் சேர்க்கப்படவில்லை.
காரணம் எழுத அரை வரி இடமிருந்தது. விட்டுவிட்டேன்.

கம்பியை முறுக்கிக் கட்டியது நான்தான்.
இழுத்துப் பார்த்ததும் நான்தான்.

எட்டாவது வாரக் காகிதத்தை
எனக்கு முன்னால் எடுத்துப் பார்த்தவள் கொனாரியா.
31க்கு நேரே ஒரு மேடு,
மற்ற பதினொன்றைப் போலவே.
"இப்போது சரியாக வந்திருக்கிறதே," என்று
என் பக்கம் கோப்பையைத் தள்ளினாள்.

ஆமாம் என்றேன்.